பின்னால் வண்டி வருது

நவம்பர் 18, திங்கள்

எலும்பு டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். கை எப்போது மரத்துப்போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி பதினோரு மாதமாகச் சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வேலை வந்தது.

பெயர் சுடலைமுத்து. வயது நாற்பத்தேழு. வேணி டிரான்ஸ்போர்ட்டில் டிரைவர். சங்கரன்கோவில் – தென்காசி வண்டி. பதினோரு வருஷமாக ஒரே வண்டி.

வியாதி இடது கையில். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்னுடையது இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. நவம்பர் 6-ம் தேதி காலை டிரிப்பில், வேப்பங்குளம் விலக்கு தாண்டும்போது ஆரம்பித்தது. கியர் ராடைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். கண்டக்டர் சேர்மக்கனி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.

இடது கை என்றதும் எல்லோரும் முதலில் நெஞ்சைத்தான் பார்த்தார்கள். ஈசிஜி சரி. எக்ஸ்ரே சரி. கழுத்தெலும்பு சரி. நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சரி. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. நாட்டு வைத்தியர் தைலம் தடவியாயிற்று, மச்சான் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று.

காரணம் என்று ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இடது கை: காலை சரி. வெங்காயம் உரித்தேன், சரி. என் மனைவி பேச்சிக்குப் பீடி இலை நறுக்கிக் கொடுத்தேன், சரி. மதியம் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா கியர் போடுகிற மாதிரி அசைத்துப் பார்த்தேன். மரத்துவிட்டது. சாயங்காலம் காபி வரை.

நவம்பர் 21, வியாழன்

எலும்பு டாக்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார். இவ்வளவு அழகாக யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்றார். சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தாலுகா ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை தோறும் மனநல டாக்டர் வருகிறாராம். பதினாலாம் நம்பர் அறை.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பேச்சி முன்னால் போட்டேன்.

"எனக்கு என்ன பைத்தியமாட்டி?"

பேச்சி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டாள். விரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"பைத்தியம்னு யாரு சொன்னா? மனசுன்னுதான எழுதியிருக்காரு. ஒங்களுக்கு மனசு இல்லையோ?"

"நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்?"

"கை வரலைன்னா முதலாளி என்ன சொல்லுவாரு? அதச் சொல்லுங்க முதல்ல."

சரியாக அப்போதே முதலாளி போன் செய்தார். "தை கடைசி வரைக்கும் பாப்பேன் சுடல. அதுக்கு மேல வண்டிய ஸ்பேர் டிரைவர்ட்ட குடுத்திருவேன். எனக்கும் வேற வழி இல்லடே." நியாயமான மனுஷன். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. பதினோரு வருஷ வண்டி. அதன் கிளட்ச் என் கால் சொன்னால்தான் கேட்கும்.

நவம்பர் 28, வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினாலாம் நம்பருக்குப் பக்கத்தில் பதிமூன்றாம் நம்பர், பல் டாக்டர். இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே பெஞ்சு. பெஞ்சில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. கரிவலம் ரூட்டில் ஓட்டுகிற டிரைவர் ஒருத்தனும் இருந்தான்.

"என்ன அண்ணாச்சி, இங்க?" என்றான்.

"பல்லு வலிடே. நீ?"

"எனக்கும் பல்லுதான்."

இருவரும் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிராம்பு வைக்கலாம், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம் என்று அவன் சொல்ல நான் தலையாட்டினேன். நர்ஸ் வந்து "பல்லுக்கு அடுத்த ஆள் யாரு?" என்று கேட்டபோது அவன் என்னைக் கை காட்டிவிட்டான். எழுந்து போகாமல் என்ன செய்ய? உள்ளே போனேன். வாயைத் திறக்கச் சொன்னார்கள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாம், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால் பதினாலாம் நம்பர் பூட்டியிருந்தது. அந்தக் கரிவலம் டிரைவர் பதினாலுக்குள் போய் வந்துவிட்டான் என்று பிறகு வாட்ச்மேன் சொன்னார்.

பேச்சி பஞ்சைப் பார்த்தாள். "மனசு டாக்டரு பல்லையா பிடுங்குனாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். முறத்தில் இருந்த தூள் எல்லாம் கொட்டிப்போகிற அளவுக்குச் சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதனால் பல் போனதில் வருத்தம் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

இந்த முறை பேச்சி கூட வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்பதற்கு முன்பே "இவுகளுக்கு மனசு டாக்டரப் பாக்க வந்திருக்கோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "நானும் அதுக்குத்தான்" என்றார்.

டாக்டர் சின்ன வயது. தூக்கம் எப்படி, பசி எப்படி, சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்றெல்லாம், டீசல் இருக்கிறதா, ஆயில் இருக்கிறதா என்று கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டார். அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொன்னேன். உண்மைதான். தூக்கம் பற்றிச் சொன்னதுதான் முழு உண்மை இல்லை.

கை நடிக்கவில்லை, மனசில் இருக்கிற பாரம் சில பேருக்குக் கையில் இறங்கும், சரியாகும் என்றார். இரண்டு மாத்திரை எழுதினார். பக்கத்து மேசையில் பெனிட்டா என்று ஒரு கவுன்சிலர். வாரா வாரம் அவரிடம் பேச வேண்டும். நடுவில் எந்த நேரம் மனசு தாங்கவில்லை என்றாலும் கூப்பிட ஓர் இலவச நம்பரும் மாத்திரைக் கவரின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

இடது கை: அப்படியே. மாத்திரையில் வாய் உலர்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

பெனிட்டா மேடத்துக்கு மகள் வயது இருந்தால் அதிகம். நோட்டில் எதுவும் எழுதாமல் கேட்கிறார்.

"அண்ணாச்சி, பஸ்ல உக்காந்தா இந்தக் கைக்கு என்னென்ன வேலை?"

"கியர் போடும்."

"வேற?"

"வேற என்ன. ஸ்டீரிங் பிடிக்கும். கை காட்டும்."

"யாருக்குக் கை காட்டும்?"

எங்கள் தொழிலில் கையால் பேசுகிற பாஷை ஒன்று உண்டு. எதிரே வருகிற டிரைவருக்கு, முன்னால் செக்கிங் இருக்கிறது என்றால் ஒரு மாதிரி. ரோட்டில் நின்று கை நீட்டுகிற ஆளை ஏற்ற முடியாது என்றால் இன்னொரு மாதிரி. ஆட்கள் இடது பக்கம் நிற்பதால் இடது கை. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் இரண்டு தரம் காட்டினால் போதும். பின்னால் வண்டி வருது, அதில் வா என்று அர்த்தம். எல்லா டிரைவரும் செய்வதுதான். பின்னால் வண்டி வந்தாலும் செய்வோம், வராவிட்டாலும் செய்வோம்.

இதைச் சொல்லிக்கொண்டே செய்து காட்டப் போனேன். கை எழும்பவில்லை. அதற்குள் நேரம் ஆகிவிட்டது, கிளம்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

மனசில் பாரம் இருக்கிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்று பெனிட்டா மேடம் சொல்லியிருந்தார், போனேன். மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனி மூன்று மணிக்கு, நூலகத்து மாடி அறையில். இந்தச் சுற்று வட்டாரத்தில் இது ஒன்றுதான் உண்டாம். வாசலில் போர்டு கிடையாது. வருகிறவர்கள் புத்தகம் எடுக்க வந்த மாதிரி வரலாம் என்று போர்டு வைக்கவில்லையாம். நானும் கீழே ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே மாடி ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் எல்லார் கையிலும் ஒரு புத்தகம். என் கையில் இருந்தது கோழி வளர்ப்பு.

ஒன்பது பேர், வட்டமாக நாற்காலி. ஒரு தையல்காரர், எதைத் தொட்டாலும் பத்துத் தரம் கை கழுவுகிறவர். ஒரு காலேஜ் பிள்ளை. மற்றவர்கள் பெயர் மனசில் நிற்கவில்லை. இங்கே பேசுவது படி இறங்கக் கூடாது, அடுத்தவருக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது என்று இரண்டு சட்டம். இரண்டாவது சட்டம் நம் ஊரில் நடக்கிற காரியமா என்று நினைத்தேன். நடந்தது.

என் முறை வந்தபோது, "கை மரத்துப்போவுது, டிரைவர்" என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டீயும் காரச் சீவலும் கொடுத்தார்கள். டீ பரவாயில்லை.

டிசம்பர் 28, சனி

கூட்டத்துக்குப் போனேன். கை மரத்துப்போகிற கதையையே மறுபடி சொன்னேன். புதிதாக ஓர் அம்மா வந்து பேசினார். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

எழுதிவிடலாம். எழுதாமல் வைத்திருந்தால் தோள்பட்டை வரை ஏறும்போல் இருக்கிறது.

அந்த அம்மாவின் பெயர் முப்பிடாதி. ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். வேப்பங்குளம். மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்குப் பாதை பிரிகிற இடம்தான் வேப்பங்குளம் விலக்கு.

"நவம்பர் நாலாந்தேதி, திங்கக்கெழம" என்று ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்காரரு நெஞ்சு கரிக்குதுன்னாரு. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு ரெண்டு பேரும் விலக்குக்கு வந்து நின்னோம். தூறல். ஒரு பஸ்ஸு வந்துச்சு. கை போட்டேன். டிரைவரு பின்னால வண்டி வருதுன்னு கை காட்டுனாரு. சரி, அடுத்த வண்டியில போயிருவோம்னு நின்னோம். எம் மவன் ஆட்டோ வச்சிருக்கான். போன் கையிலதான் இருந்துச்சு. பின்னாலயே வண்டி வரப்போவுது, அவன் சவாரியக் கெடுப்பானேன்னு கூப்பிடல. முக்கா மணி நேரம். வண்டி வரவே இல்ல. கல்லு மேல உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு."

காலேஜ் பிள்ளை அழுதது. முப்பிடாதி அம்மா அழவில்லை.

"எம் மவன் சொல்லுதான், எந்த டிரைவரும் இல்லாத வண்டிய இருக்குன்னு காட்ட மாட்டான், நீ வேற எதையோ பாத்துட்டு ஏமாந்துருக்க, ஏன் எனக்குப் போன் பண்ணலன்னு. ரெண்டு மாசமா என்கூடப் பேச மாட்டேங்கான். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான் கைய பாத்தேனா, பாக்கலையா? மழையில கண்ணாடிக்கு உள்ள யாரு முகம் தெரியுது?"

அவர் வீட்டுக்காரர் பெயர் பரமசிவம். இது அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றில்லை. நவம்பர் 6-ம் தேதி விலக்கில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ரோட்டில் பார்த்த அதே துண்டு.

நான் சீவலை மென்றுகொண்டிருந்தேன். அதைத் துப்பவும் தெரியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை.

ஜனவரி 1, புதன்

இடது கை: நாள் முழுக்க. குளிக்கும்போது பேச்சிதான் தண்ணீர் ஊற்றினாள். 

ஜனவரி 9, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாத்திரை இன்னும் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

நூலக வாசல் வரை போனேன். மாடிப்படியில் முப்பிடாதி அம்மா ஏறிக்கொண்டிருந்தார், கக்கத்தில் ஒரு புத்தகம். நான் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வண்டி வந்து போனது. ஸ்பேர் டிரைவர் கிளட்சை அரைத்துத்தான் எடுக்கிறான்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்தது. சேர்மக்கனி கரும்பு கொண்டுவந்தான். வெகு நேரம் ஸ்பேர் டிரைவரைத் திட்டினான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு விலக்குல ரெண்டு பேரு நின்னத நானும் பாத்தேன். நான் ஒரு விசில் குடுத்திருந்தா நீங்க நிப்பாட்டியிருப்பீங்க. நானும் குடுக்கல."

அவனுக்கும் தெரியும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவன் போன பிறகு பேச்சி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். முறம் இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "வியாழக்கெழம எத்தன மணிக்கு வருவாரு டாக்டரு?" என்றாள்.

ஜனவரி 23, வியாழன்

பெனிட்டா மேடத்திடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், ஒரு தடவை ஒழுங்காக.

நவம்பர் 4. மூன்று நிமிஷம் லேட். எனக்கு முன்னால் போகிற வண்டியைச் சங்கரன்கோவிலுக்குள் பிடிக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டில் டைமிங் சண்டை வரும். விலக்கில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த அம்மா கை போட்டார். அந்த ஆள் ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார். நெஞ்சில் வைத்திருந்தார் என்பதைப் பார்த்தேன். துண்டைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தேனா, தெரியவில்லை. கட்டைவிரலைப் பின்னால் காட்டினேன். அந்த மத்தியான டிரிப்புக்குப் பின்னால் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் கிடையாது. அந்த ரூட்டின் டைமிங் எனக்கு மனப்பாடம்.

அவ்வளவுதான். கேஸ் கிடையாது, விசாரணை கிடையாது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

 அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"யாருக்காகச் சொல்லப் போறீங்க அண்ணாச்சி? ஒங்க பாரத்த இறக்கி அவங்க தலையில வைக்கிறதுக்குன்னா வேண்டாம்."

"அவுக பாத்தது நெசம்னு சொல்லணும் மேடம். அது ஒண்ணுதான். அவுக மவன் அவுகளப் பொய்யாக்கிட்டான்."

முதலில் தான் அந்த அம்மாவிடம் பேசுவதாகவும், அவர் கேட்கத் தயார் என்றால் மட்டும் நான் வரலாம் என்றும் சொன்னார். மன்னிப்பு எதிர்பார்த்து வரக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன்.

ஜனவரி 25, சனி

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வரச் சொன்னார்கள். மாடி அறையில் மூன்று நாற்காலி. முப்பிடாதி அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார் என்று மட்டும் தெரியுமாம். என்னைப் பார்த்ததும், "கை மரத்துப்போவுதுன்னீங்களே, அந்த டிரைவரு அண்ணாச்சியா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். பஸ்ஸின் பெயரைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். கை காட்டியது நான்தான் என்று சொன்னேன்.

அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"பின்னால வண்டி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"இல்லன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"கட்டைவிரலத்தான காட்டுனீங்க? ரெண்டு தரம்?"

"ஆமா. ரெண்டு தரம்."

முப்பிடாதி அம்மா சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பெனிட்டா மேடம் தண்ணீர் கொடுத்தார், வாங்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப நான் பாத்தது நெசந்தான். எனக்குப் புத்தி பெரளல."

"பெரளலம்மா."

"ஒங்கள மன்னிக்கவெல்லாம் எனக்கு வராது."

"சரிம்மா."

"என்ன சரி? அவரு போயிட்டாருல்ல?" இதைச் சத்தமாகக் கேட்டார். கீழே நூலகத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றது. நான் அழுதேன். அழுதது எனக்காகவா அவருக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கதவுப் பக்கம் போய் நின்றார்.

"மறுபடி வண்டி ஓட்டுவீங்களா?"

"கை வந்தா ஓட்டுவேன்."

"ஓட்டுனா, அந்த விலக்குல நிப்பாட்டுங்க. ஆளு நின்னாலும் நிக்காட்டாலும்."

மூன்று மணிக் கூட்டத்துக்கு அவர் இருக்கவில்லை. நான் இருந்தேன். தையல்காரர் எனக்கு டீ எடுத்துக் கொடுத்தார். தம்ளரைத் தொட்டுவிட்டு, கை கழுவப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

இடது கை: ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டியில் சேர்மக்கனியோடு உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு வந்தது. மூன்றில் யோசித்தது. பிறகு வந்தது. மாத்திரையா, பெனிட்டா மேடம் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியா, எது என்று டாக்டரிடம் கேட்டேன். எது என்று தெரியாது, எதையும் நிறுத்தாதீர்கள் என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

தை முடிய இரண்டு நாள் இருக்கும்போது வண்டி ஏறினேன். டாக்டர் சீட்டைப் பார்த்த பிறகுதான் முதலாளி சாவியைக் கொடுத்தார். பேச்சி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து டயருக்கு அடியில் வைத்தாள். அவளுக்கு மனசு டாக்டரும் வேண்டும், எலுமிச்சம்பழமும் வேண்டும்.

வேப்பங்குளம் விலக்கில் ஆள் இல்லை. நிறுத்தினேன்.

"ஏ டிரைவரு, ஆளே இல்லாம எதுக்குய்யா நிப்பாட்டுத?" என்று பின்னால் இருந்து ஒருவர் கத்தினார்.

சேர்மக்கனி இறங்கி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். ஏறி விசில் கொடுத்தான்.

பிப்ரவரி 22, சனி

வாரம் ஆறு நாள், ஒரு நாளைக்கு நாலு தரம் விலக்கில் நிறுத்துகிறேன். டைமிங்கில் ஒரு நிமிஷம் போகிறது. முதலாளிக்குப் புகார் போனது. "ஒரு நிமிசந்தானடே, போவட்டும்" என்றாராம்.

சனி மதியம் எனக்கு டூட்டி இல்லாதபடி கேட்டு வாங்கிவிட்டேன். கூட்டத்துக்குப் போனேன். முப்பிடாதி அம்மா வந்திருந்தார், எதிர் நாற்காலியில். என்னோடு பேசவில்லை. மகன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான் என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னார். நான் கோழி வளர்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடு வளர்ப்பு எடுத்தேன்.

மார்ச் 3, திங்கள்

காலை டிரிப். வேப்பங்குளம் விலக்கில் முப்பிடாதி அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை. கை போடவில்லை. நான் எப்போதும்போல நிறுத்தினேன். முன் படிக்கட்டு சரியாக அவர் காலடியில் நின்றது. சேர்மக்கனி, "வாங்கம்மா" என்றான்.

அவர் ஏறவில்லை. கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் இரண்டு தரம் காட்டினார்.

பின்னால் வண்டி வருது, அதில் வருகிறேன், நீ போ.

சைடு மிரரில் பார்த்தேன். தூரத்தில் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அது விலக்கில் நிற்கிறவரை மிரரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனேன். நின்றது. ஏறினார்.

இடது கை: மூன்றாவது கியர் போட்டது.